பாட்டு நோம்பிக்கு இரண்டு பயணம்



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டு மூன்று முறை போன் செய்துவிட்டார்கள். "நீங்க ஹிஸ்டரி வாத்தியாருங்க. வரலாறு சம்பந்தமா ஏதாச்சும் குடுங்க, ஆனா சோழர் காலம் மட்டும் வேண்டாம், ஏற்கனவே நாலு பேர் குடுத்திட்டாங்க" என்றார்கள். முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் சோழர் காலத்தையே நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு இது பெரிய தண்டனைதான். யோசித்துப் பார்த்தேன். நான் படித்துத் தெரிந்துகொண்ட வரலாறு ஒன்றும், நானே கெடுத்த வரலாறு ஒன்றும் ஒரே ஊரில் வந்து சேருவது நினைவுக்கு வந்தது. அந்த ஊர் திருவையாறு. 1979 ஜனவரியில் ஒரு தடவையும், 2025 ஜனவரியில் ஒரு தடவையும் தியாகராஜர் ஆராதனைக்குப் போனேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் 1977–79 முதுகலை வரலாறு. ஒருவரை ஒருவர் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். முத்தூர், தாராபுரம், பல்லடம், வெள்ளகோவில். வெள்ளகோவில் என்பது அடியேன். கொடுமுடியிலிருந்து ஒரு அம்மணியும் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். வகுப்பில் பெண்கள் மொத்தமே நாலு பேர். ஆண்களும் பெண்களும் பேசிக்கொண்டால் வராந்தாவில் போகிறவர் நின்று பார்த்துவிட்டுப் போகிற காலம். ஆனால் கொடுமுடி மட்டும் யாரிடமும் பயமில்லாமல் பேசுவார்கள். காரணம், அவர்கள் பாடுவார்கள். கல்லூரி விழா என்றால் கடவுள் வாழ்த்து அவர்கள்தான். பாடத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காலத்திலும் ஒரு தனி மரியாதை இருந்தது.

எங்கள் பக்கத்துக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று காவிரிக் கரைக்காரர்கள் கேட்பார்கள். வெள்ளகோவில் மானாவாரிச் சீமை. சோளம், கம்பு, முருங்கை, தறி, எண்ணெய் மில், ஆடு மாடு. பக்கத்தில் கண்ணபுரத்தில் சித்திரையில் கூடுகிற காங்கயம் மாட்டுச் சந்தைதான் எங்களுக்குப் பெரிய உற்சவம். வட்டமலைக்கரை ஓடைக்கு அணை கட்டினார்கள். கட்டிய பிறகு பல வருடம் வறண்டேதான் கிடந்தது. திருவிழாவுக்கு எங்கள் ஊர்ப் பேர் நோம்பி. வீரக்குமார சாமி கோயில் சிவராத்திரித் தேர் நோம்பிக்கு மேளம் கேட்போம், மாரியம்மன் நோம்பிக்குத் தப்பட்டை கேட்போம். கச்சேரி என்றால் ரேடியோ.

ஆனாலும் கொங்கு நாட்டுக்குச் சங்கீதம் தெரியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோயம்புத்தூர் தாயி என்று ஒரு அம்மையார் இருந்தார். பழனி குஞ்சரம் என்பது இயற்பெயர். 1872இல் பிறந்து 1917இல் மறைந்தவர். கிராமபோன் இசைத்தட்டு நம் நாட்டுக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே ஏராளமான தட்டுகளில் பாடியவர். மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அந்தக் குரலில் சொக்கிப் போய், அவர் பாடிய தட்டு ஒன்றை வைத்து 'ராகமாலிகா' என்று பியானோவுக்கு ஒரு படைப்பே எழுதினார். பாரீசில் அது வாசிக்கப்பட்டபோது கோயம்புத்தூரில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்! அடுத்த தலைமுறையில் கொடுமுடி தந்த கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாடக மேடை, சினிமா, தமிழிசை மேடை எல்லாவற்றிலும் கணீரென்று ஒலித்த குரல். சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தவர். 1908இல் பிறந்து 1980இல் காலமானார். எங்கள் வகுப்புக் கொடுமுடி சின்ன வயதில் அந்த அம்மாவைக் கோயில் வாசலில் பார்த்த கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார்கள்.

இது இருக்கட்டும். 1978 டிசம்பரில் முத்தூர்தான் பேச்சை ஆரம்பித்தான். பொங்கல் முடிஞ்ச கையோடு திருவையாற்றில் ஆராதனை வருது, போலாமா என்றான். நாங்கள் சரி என்றதற்குக் காரணம் சங்கீதம் இல்லை. தஞ்சாவூர் பெரிய கோயில், கல்லணை, ஹோட்டல் சாப்பாடு. ஆனால் கொடுமுடி காதில் விழுந்ததும் நிலைமை மாறிவிட்டது. "போறதுன்னா பஞ்சரத்தினம் பாடத் தெரிஞ்சுட்டுப் போங்க. சும்மா வாயப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்களா?" என்று கேட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கலையரங்கத்துக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் எங்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்நாள் மாணவர்களுக்காக ஒரு விளக்கம். தியாகராஜர் இயற்றிய ஐந்து பெரிய கீர்த்தனைகளைப் பஞ்சரத்தினம் என்பார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகங்கள். ஆராதனை நாளில் வித்வான்களும் மாணவர்களும் ரசிகர்களுமாக நூற்றுக்கணக்கானவர்கள் அவர் சமாதிக்கு முன் உட்கார்ந்து ஐந்தையும் ஒரே குரலாகப் பாடுவார்கள். கொடுமுடி எங்களுக்கு நாலைத்தான் சொல்லித் தந்தார்கள். அதிலும் கால்வாசிதான் எங்களுக்கு ஏறியது. தாராபுரம் மட்டும் டெஸ்கில் தாளம் போட்டுத் தேறிவிட்டான். வராளியை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, "வராளிய நேரடியாச் சொல்லிக் குடுத்தா சொல்லிக் குடுக்கறவிகளுக்கும் கத்துக்கறவிகளுக்கும் மனஸ்தாபம் வந்துருமுன்னு எங்க பாட்டு வாத்தியார் சொல்லியிருக்காருங்க" என்றார்கள். சங்கீத உலகத்தில் இது பழைய நம்பிக்கை. ஆனால் எங்கள் விஷயத்தில் வராளி இல்லாமலேயே மனஸ்தாபம் வந்துவிட்டது.

கொடுமுடியும் வருவதாகச் சொன்னார்கள், தன் தாயாரையும் கூட்டிக்கொண்டு. வழிச் செலவுக்கு முப்பது ரூபாயை என்னிடம் கொடுத்தார்கள். கணக்கு வழக்கு நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வெள்ளகோவிலில் பஸ் ஏறிக் கரூர் வருவது, அவர்கள் கொடுமுடியில் ரயிலேறிக் கரூர் வருவது, காலை எட்டு மணிக்குக் கரூர் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் சேர்வது என்று ஏற்பாடு.

பொங்கலுக்கு ஊருக்கு வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கரூருக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில் தெரியாத ஆள் கிடையாது. தென்னிலையில் ஒரு ஒறம்பரை, பரமத்தியில் ஒரு ஒறம்பரை. பொம்பளப் புள்ளயோட ஊர் சுத்துறான் என்று ஒரு வாய் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் எங்கள் அப்பாவிடம் பத்து வாய் சொல்லிவிடும். அவர்கள் தாயாரோடு வருகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பத்து வாய்க்கும் தெரியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? முத்தூரிடம் போய், "கொடுமுடி வர்லயாமா. அவிங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம். நாம ஒரு நாள் முன்னாலயே கெளம்பீரலாம், கூட்டம் கொறச்சலா இருக்கும்" என்றேன். மற்ற இரண்டு பேரிடமும் அதையே சொன்னேன். கொடுமுடிக்கு ஒரு தகவலும் அனுப்பவில்லை. தந்தி கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அவர்களும் அவர்கள் தாயாரும் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்குக் கரூர் வந்து, பிற்பகல் மூன்று மணி வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

நாங்கள் அப்போது திருவையாற்றில் இருந்தோம். தஞ்சாவூரிலிருந்து வடக்கே பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி எல்லாவற்றையும் தாண்டிக் காவிரிக்கு வர வேண்டும். வறட்சியிலே பிறந்த எங்களுக்குப் பாலத்துக்குப் பாலம் தண்ணியைப் பார்த்ததே பிரமிப்பு. பந்தலில் இரண்டு மேடை அடுத்தடுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்றில் பாடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்தவர் சுருதி சேர்த்துத் தயாராக இருப்பார். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் ஒன்றிரண்டு பாட்டு, சன்மானம் கிடையாது, எழுந்து வணங்கிவிட்டுப் போய்விட வேண்டியதுதான். பஞ்சமியன்று காலையில் பஞ்சரத்தினம். சன்னிதிக்கு முன்னால் ஒரு பக்கம் ஆண்கள், எதிர்ப் பக்கம் பெண்கள். பெண்கள் பக்கத்தைப் பார்த்ததும் முத்தூர் என் காதில் சொன்னான்: "கொடுமுடி இங்க உக்காந்திருக்க வேண்டியதுடா." நான் தலையை ஆட்டினேன்.

மதியம் பொட்டலச் சோறு வாங்கிக்கொண்டு நிழல் தேடினோம். சன்னிதிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சமாதி இருந்தது. அந்த நிழலில் பையைச் சாய்த்து வைத்துவிட்டுத் தயிர் சாதம் சாப்பிட்டோம். அது யாருடைய சமாதி என்று முதுகலை வரலாறு படிக்கிற நாலு பேரில் ஒருவனுக்கும் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

கல்லூரி திறந்த அன்றைக்கே குட்டு உடைந்துவிட்டது. கொடுமுடி முத்தூரிடம், "ஏனுங்க, பஸ்ஸு ஏதாச்சும் ரிப்பேருங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். கோபமாகக் கூட இல்லை, எங்களுக்கு வழியில் ஏதோ ஆகிவிட்டதோ என்ற கவலையில். முத்தூர் நேராக விடுதிக்கு வந்து, என் கட்டிலுக்கு எதிரே நின்று, "நீ என்னைய பொய் சொல்ல வெச்சுட்டடா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அதற்குப் பிறகு படிப்பு முடியும் வரையிலும் பேசவில்லை. முடிந்த பிறகும் பேசவில்லை. எனக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்ப முகம் இல்லை. அவன் அனுப்பவும் இல்லை.

கொடுமுடியிடம் நேரில் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. முப்பது ரூபாயை மணியார்டர் செய்தேன். ஒரே கட்டடத்தில் படிக்கிறவர்களுக்கு மணியார்டர்! பாரத்தின் அடியில் செய்தி எழுத இடம் விட்டிருப்பார்கள். தபாலாபீசில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். காலியாகவே விட்டுவிட்டேன். அந்த வருடம்தான் கோவை மாவட்டத்தைப் பிரித்துப் பெரியார் மாவட்டம் உண்டாக்கினார்கள். பின்னால் அது ஈரோடு மாவட்டம் ஆகி, 2009இல் எங்கள் ஊர் திருப்பூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க மூன்று மாவட்டம் பார்த்துவிட்டோம். நாங்கள் நாலு பேரும் அப்படித்தான் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டோம்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்துத்தான் அந்தச் சமாதி யாருடையது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். படித்த அன்றைக்கு எனக்குத் தயிர் சாதம் இறங்கவில்லை என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

தியாகராஜர் 1767இல் திருவாரூரில் பிறந்தவர். வாழ்ந்தது திருவையாற்றில், திருமஞ்சன வீதியில். 1847 ஜனவரி 6ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியில் சித்தியடைந்தார். கடைசியில் சந்நியாசம் பெற்றிருந்ததால் காவிரிக் கரையில் சமாதி வைத்தார்கள். சீடர்கள் திசைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள். வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று சீட பரம்பரைகள் அவர் பாட்டுகளைக் காப்பாற்றின. பாட்டைக் காப்பாற்றினார்களே தவிர, சமாதி புதர் மண்டிக் கிடந்தது. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து பார்த்து மனம் நொந்து அதைச் செப்பனிட்டார்கள். பிறகு தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவர் தம்பி பஞ்சு பாகவதரும் ஆராதனையைப் பெரிய அளவில் நடத்தத் தொடங்கினார்கள்.

தொடங்கிச் சில வருடங்களிலேயே சண்டை. அண்ணன் பக்கம் 'பெரிய கட்சி', தம்பி பக்கம் 'சின்ன கட்சி'. வித்வான்களும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு கட்சி தன் உற்சவத்தை ஆராதனை நாளோடு முடிக்கும். மற்றது ஆராதனை நாளில் தொடங்கும். ஒரே மகானுக்கு, ஒரே ஆற்றங்கரையில், ஒரே பாட்டுகளைப் பாடி, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் வருடக்கணக்காக நடத்தியிருக்கிறார்கள். முத்தூரும் நானும் அவர்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் அல்ல.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை இருந்தது. பெண்கள் பாடக் கூடாது.

இங்கேதான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். 1878இல் மைசூர்ச் சீமையில், தேவதாசி மரபில் பிறந்தவர். சென்னைக்கு வந்து பெரும் பேரும் செல்வமும் சம்பாதித்தவர். வடமொழியும் தெலுங்கும் கரை கண்டவர். தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவி எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்தார். பெண் எழுதியது என்பதும் சிருங்காரம் மிகுந்தது என்பதும் சேர்ந்து எதிர்ப்புக் கிளம்பி, அரசாங்கம் மறு ஆண்டே தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. சும்மா விடுகிற ஆள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1921இல் அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா திருவையாறு போய் வந்து, சமாதி மறுபடியும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தோடு நாகரத்தினம்மாளின் வாழ்க்கை திசை திரும்பிவிட்டது. நிலத்தை வாங்கினார். நகைகளை விற்றார். 1921இல் ஆரம்பித்த திருப்பணி முடிந்து 1926 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடந்தது. நாம் இன்று பார்க்கிற சன்னிதி, உள்ளே இருக்கிற தியாகராஜர் திருவுருவம், எல்லாம் அந்த அம்மையாரின் காசு.

இப்போது யோசித்துப் பாருங்கள். இடம் வாங்கியவர் அவர். கோயில் கட்டியவர் அவர். ஆராதனை நாளில் அந்தக் கோயிலுக்கு முன்னால் உட்கார்ந்து பாட அவருக்கு உரிமை இல்லை. அவர் அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. 1927 முதல் சன்னிதிக்குப் பின்புறம் பெண்களைக் கூட்டித் தனியாக ஒரு ஆராதனையே நடத்த ஆரம்பித்துவிட்டார். அதற்குப் 'பெண்கள் கட்சி' என்று பேர் வந்தது. முன்னால் இரண்டு கட்சி, பின்னால் ஒரு கட்சி. இப்படியே பதின்மூன்று வருடம் போல ஓடி, 1940இல்தான் பலர் முயற்சி எடுத்து மூன்றையும் ஒன்று சேர்த்தார்கள். பெண்கள் முன்பக்கம் வந்தார்கள். நான் 1979இல் பார்த்த அந்த எதிரெதிர் வரிசை, ஏதோ தியாகராஜர் காலத்திலிருந்து வருகிற சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். இல்லை. எல்லாரும் சேர்ந்து பஞ்சரத்தினம் பாடுகிற வழக்கமே 1940களில் நிலைபெற்றதுதான்.

சேர்ந்த பிறகு சண்டையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1946இல் தண்டபாணி தேசிகர் அங்கே தமிழ்ப் பாட்டுப் பாடியதை ஒட்டி எழுந்த சர்ச்சை பத்திரிகைகள் வரை போய், தமிழிசை இயக்கத்துக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம். நிற்க.

நாகரத்தினம்மாள் கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். தன் சொத்தை ஒரு அறக்கட்டளைப் பொறுப்பில் விட்டபோது, பெண்களுக்கு அந்தச் சன்னிதியில் பாடும் உரிமை இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்தார். 1952இல் மறைந்தார். தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தாற்போலவே அவருக்கும் சமாதி எழுந்தது. அதன் நிழலில்தான் நாங்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். தேவதாசி குலத்துப் பெண் ஒருத்தி ஊர் ஏச்சு பேச்சையெல்லாம் தாங்கித் திறந்து வைத்த கதவு அது. ஐம்பது வருடம் கழித்து, முதுகலை படித்த நான், தென்னிலை ஒறம்பரைக்குப் பயந்து, வருவதாக இருந்த ஒரே பாட்டுக்காரியைக் கரூரிலேயே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறேன். இதை வகுப்பில் எத்தனையோ தடவை நாகரத்தினம்மாள் கதையாகச் சொல்லியிருக்கிறேன். கரூர்க் கதையை ஒரு தடவையும் சொன்னதில்லை.

2024இல் நம் சங்கத்தின் சந்திப்புக்குப் போனேன். தாராபுரம் 2021 கொரோனாவில் போய்விட்டான் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. டெஸ்கில் தாளம் போட்ட அந்தக் கை! முத்தூர் வந்திருந்தான், காதில் மெஷின் வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். அமெரிக்காவில் இருக்கிற பல்லடம்தான் நடுவில் நின்று, "வர்ற பொங்கலுக்கு நான் ஊருக்கு வர்றேன். திருவையாறு போறோம். தாராபுரத்துக்காகவாவது வாங்கடா" என்றான். கொடுமுடி நம்பரைத் தேடிப் பிடித்ததும் அவனே. அவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்களாம்: "கரூர் பஸ் ஸ்டாண்டுலயே ஏத்திக்கச் சொல்லுங்க."

2025இல் ஆராதனை ஜனவரி 18, சனிக்கிழமை. முந்தின நாள் ராத்திரி வெள்ளகோவிலில் வேன் ஏறினோம். முத்தூர் முன் சீட்டில் உட்கார்ந்தான், நான் அவனுக்குப் பின்னால். தென்னிலை தாண்டும் வரை பல்லடம் மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தான். பரமத்தி பக்கம் பனிக்காற்று அடிக்க ஆரம்பித்தது. முத்தூர் திரும்பிப் பார்க்காமலேயே, "அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் ஏத்தீரு" என்றான். நாற்பத்தாறு வருடம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஏற்றினேன். "இன்னும் கொஞ்சம்" என்றான். அதையும் ஏற்றினேன்.

கரூருக்குச் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். நான் மட்டும் இறங்கி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொடுமுடி தன் மகனோடு காரில் வந்து இறங்கினார்கள். தலை முழுக்க நரை. கையில் ஒரு பை, ஒரு சின்னத் தலையணை. என்னைப் பார்த்ததும், "வந்து ரொம்ப நேரமாச்சுங்களா?" என்றார்கள். "ஒரு மணி நேரமாச்சுங்க" என்றேன். "இன்னும் ஆறு மணி நேரம் பாக்கி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வேனில் ஏறிவிட்டார்கள்.

குளித்தலை தாண்டும்போது தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். இத்தனை வருடம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு. நாலு வாக்கியம் முடியவில்லை, அவர்கள் குறுக்கே, "எனக்கு இது பன்னண்டாவது தடவைங்க" என்றார்கள். எது என்று கேட்டேன். "திருவையாறுதானுங்க. கண்ணாலமான மூணாவது வருசமே எங்கூட்டுக்காரரு கூட்டிட்டுப் போயிட்டாரு. அப்பறம் நானே போயிட்டு வந்திருவேன். நீங்க எத்தன தடவைங்க?" வேனில் எல்லாரும் சிரித்துவிட்டோம். முத்தூர் மெஷினைச் சரி செய்துகொண்டு, "என்ன, என்ன?" என்று கேட்டான். நானே அவனுக்குச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவர்கள் சொன்னார்கள்: "எங்கம்மாளுக்குத்தானுங்க அது முடியாமயே போச்சு. அன்னிக்கு மூணு தடவை காப்பி வாங்கிக் குடிச்சுட்டு, வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு எனக்குத் தைரியம் சொல்லிட்டு உக்காந்திருந்தாங்க. நானு போக ஆரம்பிச்சப்ப அவங்களுக்கு நடக்க முடியாமப் போச்சு." அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

பொழுது விடியும்போது திருவையாறு. காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொடுமுடி ஊர்த் தண்ணிதான் அங்கே வருகிறது என்பதை அவர்களே சுட்டிக் காட்டினார்கள். அப்புறம் எல்லாம் அவர்கள் உத்தரவுதான். ஏழு மணிக்கு முன்னாலேயே உள்ளே போய் இடம் பிடிக்க வேண்டும், செருப்பைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், தண்ணீர் குறைச்சலாகக் குடிக்க வேண்டும் (காரணம் எழுபது வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை). திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் நாகசுரத்தோடு வந்து சேர்ந்தது. புல்லாங்குழல் வித்வான்கள் வழக்கப்படி முதலில் வாசித்தார்கள். பிறகு நாட்டை ஆரம்பித்தது.

ரேடியோவிலும் டி.வி.யிலும் கேட்பது வேறு, அங்கே உட்கார்ந்து கேட்பது வேறு. நூற்றுக்கணக்கான குரல் ஒரே சுருதியில் கிளம்பும்போது தரை அதிர்கிற மாதிரி இருக்கும். எனக்கு வேப்ப மரத்தடியில் படித்த அந்தக் கால்வாசி அப்படியே ஞாபகம் வந்தது. ஆரபி வரைக்கும் முணுமுணுத்தேன். எதிர்ப் பக்கம், பெண்கள் வரிசையில் கொடுமுடி தலையணை மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, தாளம் தவறாமல், புத்தகம் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். வராளி வந்தபோது முத்தூர் என் முழங்கையை இடித்து, "இது நமக்குப் பாடம் எடுக்கலல்ல?" என்றான். இல்லை என்றேன். பேசாமல் கேட்டோம். பல்லடம் மடியில் தட்டித் தாளம் போட்டான், தப்புத் தாளம்தான். தாராபுரம் இருந்திருந்தால் திட்டியிருப்பான்.

முடிந்து வெளியே வந்ததும் நாகரத்தினம்மாள் சமாதிக்குப் போனோம். பூ வாங்கி வந்திருந்தார்கள் கொடுமுடி. நானும் முத்தூரும் 1979இல் எந்த இடத்தில் பையைச் சாய்த்தோம் என்று தேடிப் பார்த்தோம். அவன் ஒரு இடத்தைச் சொன்னான், நான் வேறு இடத்தைச் சொன்னேன். பாதி நேரம் அந்த வாதத்திலேயே போய்விட்டது. நல்ல வாதம். பிறகு கடைத்தெருவில் அசோகா அல்வா வாங்கினோம். கொடுமுடி பங்குக்கு நான் காசு கொடுக்கப் போனபோது, "முப்பது ரூவா மணியார்டர் வந்துதுங்க, கணக்கு நேராயிருச்சு" என்றார்கள். அப்புறம் மெதுவாக, "செய்தி எழுதற எடத்துல ஒண்ணுமே எழுதலீங்களே" என்றார்கள். அந்தத் துண்டுச் சீட்டை ரொம்ப நாள் வைத்திருந்தார்களாம், திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம், எங்கேயாவது பொடி எழுத்தில் இருக்குமோ என்று.

திரும்பும்போது முத்தூர் என் பக்கத்துச் சீட்டுக்கு வந்துவிட்டான். திருச்சி வரைக்கும் நன்றாகத் தூங்கினான், தலை என் தோள் மேல். காது மெஷின் கழன்று என் மடியில் விழுந்தது. அவன் விழிக்கும் வரை கையிலேயே வைத்திருந்தேன்.

கரூரில் கொடுமுடியை இறக்கிவிட்டபோது ராத்திரி ஆகிவிட்டது. மகன் கார் வந்து நின்றிருந்தது. தலையணையை இடுக்கிக்கொண்டு இறங்கியவர்கள், ஜன்னல் பக்கமாக வந்து என்னிடம் சொன்னார்கள்: "அடுத்த தடவை பஞ்சமி பொங்கலுக்கு முன்னாலயே வந்துருதுங்க. இப்பவே சொல்லி வெக்கறேன், தேதிய மாத்தீராதீங்க."